டிஎச்சிபி சர்வர் லாக்கைப் படித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"நெட் வரவில்லை" என்று புகார் வந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரின் லாக்கை, அதாவது நடந்தவற்றைப் பதியும் கோப்பை, திறந்து "எரர்" என்ற சொல்லைத் தேடுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. உடனே சர்வரில் தவறில்லை என்று முடிவுகட்டி மூடிவிடுவார்கள்.

இந்த லாக்கில் கோளாறு எரர் என்ற பெயரோடு வருவது குறைவு. வந்திருக்க வேண்டிய ஒரு வரி வராமல் போயிருக்கும், அவ்வளவுதான். ஆகவே வரிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரு கருவிக்கும் சர்வருக்கும் நடந்த பேச்சாகக் கோத்துப் படிக்க வேண்டும். பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே காட்டும் வரிகள் லினக்ஸில் ஓடும் ஐஎஸ்சி டிஎச்சிபிடி என்ற சர்வர் மென்பொருள் எழுதுபவை. அதன் பராமரிப்பு 2022-ல் நின்றுவிட்டாலும் இன்னும் பல இடங்களில் அதுதான் ஓடுகிறது. கியா, டிஎன்எஸ்மாஸ்க், விண்டோஸ் சர்வர் போன்ற வேறு டிஎச்சிபி சர்வர்களை வைத்திருப்பவர்கள் 10-ஆம் பகுதியையும் பாருங்கள். வரிகளை ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, புகாருக்குரிய கருவியின் மேக் முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் கார்டுக்குரிய அடையாள எண். ஐபி முகவரியை வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். அது மாறக்கூடியது, கோளாறுள்ள கருவிக்கு அது கிடைத்தே இருக்காது. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையை "ஆல்" தேர்வோடு கொடுத்தால் மேக் முகவரி தெரியும். போனில் பார்க்கும்போது, சேர்ந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தில் பாருங்கள். "போனைப் பற்றி" பக்கத்தில் இருக்கும் மேக் முகவரியும் வைஃபையில் போன் காட்டும் மேக் முகவரியும் வேறுவேறாக இருக்கலாம். ஏன் என்பது 7-ஆம் பகுதியில் வருகிறது.

அப்படியே, கருவியில் இப்போது என்ன ஐபி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 169.254 என்று தொடங்கினால், எந்தச் சர்வரிடமிருந்தும் பதில் வராததால் கருவி தானே எடுத்துக்கொண்ட முகவரி அது. உங்கள் நெட்வொர்க்கிலேயே இல்லாத வேறொரு வரிசை என்றால் நேராக 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

இரண்டாவது, கோளாறு நடந்த நேரம். "காலையிலிருந்து" என்பது போதாது. முடிந்தால் அந்தக் கருவியை நெட்வொர்க்கிலிருந்து விலக்கி மறுபடி சேர்க்கச் சொல்லி, அந்த நிமிடத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்கள் சப்நெட் திட்டம்: எந்த விலானுக்கு (ஸ்விட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்) எந்தச் சப்நெட் (அதற்குரிய ஐபி வரிசை), பூல் (சர்வர் பகிர்ந்துகொடுக்கும் முகவரிகள்) எங்கிருந்து எதுவரை, கையால் கொடுத்த முகவரிகள் எவை, கருவிகளின் கோரிக்கையை வேறு விலானில் உள்ள சர்வருக்கு ரிலே செய்யும் ரவுட்டரின் முகவரி என்ன. இது ஒரு தாளில் இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள். லாக்கில் வரும் எண்கள் சரியா தவறா என்று சொல்வதற்கு ஒப்பிட வேறு ஆதாரம் கிடையாது.

சர்வரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். ஸ்விட்ச், வைஃபை கன்ட்ரோலர், டிஎச்சிபி சர்வர் மூன்றின் லாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நிலை வரும். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தாலே காரணமும் விளைவும் இடம்மாறித் தெரியும்.

2. லாக் எங்கே விழுகிறது என்று உறுதிசெய்யுங்கள்

டெபியன், உபுண்டு வகைகளில் சிஸ்லாக் கோப்பிலும், ரெட் ஹாட் வகைகளில் மெசேஜஸ் கோப்பிலும் டிஎச்சிபிடியின் வரிகள் வழக்கமாக விழும். சிஸ்டம்டி உள்ள எல்லா லினக்ஸிலும் ஜர்னலில் சேவையின் பெயரைக் கொடுத்தும் எடுக்கலாம்.

ஆனால் இதற்கு முன் இருந்தவர் கான்ஃபிக்கில் (டிஎச்சிபிடியின் அமைப்புக் கோப்பு) "லாக்-ஃபெசிலிட்டி" என்ற வரியைப் போட்டு, தனிக் கோப்புக்குத் திருப்பிவிட்டிருக்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. டிஎச்சிபிடி தொடங்கும்போது, கான்ஃபிக்கைப் படித்து அந்த வரியைத் தாண்டும்வரை செய்திகள் வழக்கமான இடத்துக்கே போகும். ஆகவே கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருந்து சேவை தொடங்கவில்லையென்றால், தனிக் கோப்பு வெறுமையாக இருக்கும். காரணம் பொது சிஸ்லாக்கில் கிடக்கும். இரண்டையும் பாருங்கள்.

சரியான கோப்பைத்தான் பார்க்கிறோமா என்பதைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். புதிய வரிகள் வர வரத் தெரியும்படி கோப்பைத் திறந்துவைத்து, நன்றாக வேலைசெய்யும் ஒரு கணினியை விலக்கிச் சேருங்கள். வரிகள் வந்து விழ வேண்டும். இதைச் செய்யாமல், பழைய சர்வரின் லாக்கை ஒரு பகல் முழுக்க வைத்துக்கொண்டு "சர்வருக்கு எதுவும் வரவில்லை" என்று ஸ்விட்ச்காரரோடு வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. நல்ல பேச்சு எப்படி இருக்கும் என்று பழகுங்கள்

கோளாறைத் தேடும் முன், நல்ல நிலையில் உள்ள ஒரு கணினியின் வரிகளைப் பாருங்கள். புதிதாகச் சேரும் கருவிக்கு நான்கு வரிகள் வரும்:

டிஎச்சிபிடிஸ்கவர் ஃப்ரம் 00:11:22:33:44:55 வியா ஈத்0
டிஎச்சிபிஆஃபர் ஆன் 192.168.10.57 டு 00:11:22:33:44:55 வியா ஈத்0
டிஎச்சிபிரிக்வெஸ்ட் ஃபார் 192.168.10.57 (192.168.10.1) ஃப்ரம் 00:11:22:33:44:55 வியா ஈத்0
டிஎச்சிபிஅக் ஆன் 192.168.10.57 டு 00:11:22:33:44:55 வியா ஈத்0

முதல் வரி, கருவி "யாராவது இருக்கிறீர்களா" என்று எல்லோருக்கும் கேட்பது. இரண்டாவது, சர்வர் ஒரு முகவரியைக் காட்டுவது. மூன்றாவது, கருவி அதைக் கேட்டு வாங்குவது. நான்காவது, சர்வர் கொடுத்துப் பதிவுசெய்வது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக் என்ற நான்கின் முதல் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து நெட்வொர்க்காரர்கள் "டோரா" என்பார்கள்.

இரண்டு இடங்களைக் கவனிக்கப் பழகுங்கள். ஒன்று, "வியா"வுக்குப் பின் வருவது. அங்கே இன்டர்ஃபேஸ் பெயர் இருந்தால் பாக்கெட் நேராக வந்தது. ஐபி முகவரி இருந்தால் ரிலே வழியாக வந்தது. அது ரிலேயின் முகவரி. கருவி எந்த விலானில் இருக்கிறது என்று சர்வர் தீர்மானிப்பது இதை வைத்துத்தான்.

மற்றொன்று, ரிக்வெஸ்ட் வரியில் அடைப்புக்குறிக்குள் உள்ள முகவரி. கருவி எந்தச் சர்வரின் ஆஃபரை ஏற்றுக்கொண்டது என்பதை அது சொல்கிறது. அது உங்கள் சர்வரின் முகவரியாக இருக்க வேண்டும்.

ரிக்வெஸ்ட், அக் இரண்டு மட்டும் வந்தால் பதறாதீர்கள். ஏற்கெனவே லீஸ் (குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிய முகவரி) உள்ள கருவி அதைப் புதுப்பிக்கும்போதும், மறுபடி பூட் ஆகிப் பழைய முகவரியையே கேட்கும்போதும் டிஸ்கவர் வராது. அப்போது அடைப்புக்குறியும் இருக்காது. வேலை நாளில் லாக்கின் பெரும்பகுதி இந்த இரட்டை வரிகள்தான்.

4. ஒரே ஒரு மேக் முகவரிக்கு வடிகட்டுங்கள்

பரபரப்பான நெட்வொர்க்கில் நூறு கருவிகளின் வரிகள் பின்னிக் கிடக்கும். கிரெப் கட்டளையில் மேக் முகவரியைக் கொடுத்து வரிகளைப் பிரித்தெடுங்கள். விண்டோஸ் மேக் முகவரியை இடைக்கோடு போட்டுக் காட்டும், டிஎச்சிபிடி முக்காற்புள்ளி போட்டுச் சின்ன எழுத்தில் எழுதும். அப்படியே ஒட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கடைசி இரண்டு ஜோடிகளை மட்டும் கொடுத்தும் தேடிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே "லாக்கில் இல்லை" என்று சொல்லுங்கள்.

கோளாறு நேரத்துக்கு ஒரு லீஸ் காலம் முன்பிருந்தே எடுங்கள். லீஸ் எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு முந்தைய வரிகளும் வேண்டும். மதியம் அறுந்த இணைப்புக்கான காரணம் காலையில் நடந்த ஒரு புதுப்பித்தலில் இருக்கலாம்.

5. பேச்சு எங்கே அறுந்தது என்று பாருங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். அறுந்த இடத்தைப் பொறுத்து நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடமே மாறும்.

ஒரு வரியும் இல்லை. பாக்கெட் சர்வருக்கு வந்து சேரவில்லை, அல்லது சர்வர் அந்த இன்டர்ஃபேஸைக் கவனிக்கவில்லை. முதலில் சர்வரிலேயே டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கட்டளை) போட்டு யுடிபி 67, 68 போர்ட்டுகளைப் பாருங்கள். அங்கே டிஸ்கவர் தெரிந்து லாக்கில் தெரியாவிட்டால், டிஎச்சிபிடி தொடங்கிய நேரத்துக்குப் போய், "நோ சப்நெட் டிக்ளரேஷன் ஃபார் ஈத்1" என்ற வரியும், தொடர்ந்து அந்த இன்டர்ஃபேஸின் கோரிக்கைகளைப் புறக்கணிப்பதாகச் சொல்லும் வரியும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். டிசிபிடம்ப்பிலும் ஒன்றும் இல்லையென்றால் சர்வரை விட்டுவிடுங்கள். போர்ட் தவறான விலானில் இருக்கலாம்; அந்த விலானில் ரிலே போடாமல் விட்டிருக்கலாம்.

கணினி பூட் ஆகும்போது மட்டும் முகவரி கிடைக்காமல், அரை நிமிடம் கழித்துத் தானே சரியாகிறதா? ஸ்விட்ச் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ (கேபிள் சுழற்சியைத் தடுக்கும் ஏற்பாடு) காத்திருப்பைச் சந்தேகியுங்கள். வழக்கமான அமைப்பில் போர்ட் திறக்க 30 வினாடி ஆகும். அதற்குள் கருவி அனுப்பிய டிஸ்கவர்கள் வீணாகிவிடும். கணினி மாட்டும் போர்ட்டுகளுக்கு போர்ட்ஃபாஸ்ட் கொடுத்தால் தீரும்.

டிஸ்கவர் மட்டும் வருகிறது, ஆஃபர் இல்லை. சர்வருக்குக் கேட்கிறது, கொடுக்க முடியவில்லை. நல்லவேளையாக, பெரும்பாலும் டிஸ்கவர் வரியின் முடிவிலேயே காரணம் ஒட்டியிருக்கும். அதை 6-ஆம் பகுதியில் பிரிக்கிறேன்.

டிஸ்கவர், ஆஃபர், டிஸ்கவர், ஆஃபர் என்று சுற்றுகிறது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "சர்வர் கொடுக்கிறது, கணினிதான் வாங்கவில்லை" என்று சொல்லி விண்டோஸை மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடுவார்கள். லாக்கில் ஆஃபர் என்று இருப்பதன் பொருள், சர்வர் அனுப்பிவிட்டது என்பது மட்டும்தான். கருவியிடம் போய்ச் சேர்ந்ததற்கு அது சாட்சி ஆகாது. சேர்ந்ததற்குச் சாட்சி ரிக்வெஸ்ட் வரி.

டிஸ்கவர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 4, 8, 16 வினாடி என்று கூடிக்கொண்டே போனால், கருவிக்குப் பதில் எட்டவில்லை. நெறிமுறை சொல்லும்படி பொறுத்துப் பொறுத்துக் கேட்கிறது. அப்போது திரும்பும் பாதையைத்தான் தேட வேண்டும். ரிலே இருந்தால், சர்வரிலிருந்து ரிலேயின் முகவரிக்கு ரூட் இருக்கிறதா, பிங் போகிறதா என்று பாருங்கள். ஆஃபர் அந்த முகவரிக்குத்தான் போகிறது. ஸ்விட்ச் மாற்றிய மறுநாள் இது தொடங்கியிருந்தால் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நம்பகமற்ற போர்ட்டிலிருந்து வரும் சர்வர் பதில்களை ஸ்விட்ச் தடுக்கும் வசதி) நினைவுக்கு வர வேண்டும். சர்வரை நோக்கிய அப்லிங்க் போர்ட்டை நம்பகமானதாகக் குறிக்காவிட்டால், டிஸ்கவரை விட்டுவிட்டு ஆஃபரை மட்டும் ஸ்விட்ச் வீசிவிடும். கடைசியாகக் கருவியின் ஃபயர்வால்.

ரிக்வெஸ்ட் வந்து, பதிலுக்கு நேக் போகிறது. "நீ கேட்கும் முகவரி இங்கே செல்லாது" என்று சர்வர் சொல்கிறது. ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கு லேப்டாப் நகர்ந்தால் ஒரு நேக், உடனே புதிய டிஸ்கவர், நான்கு வரிகள் என்று வரும். அது ஆரோக்கியமான நடத்தை. திரும்பத் திரும்ப நேக் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

அக் வந்த கையோடு டிக்ளைன் வருகிறது. கருவி வாங்கிய முகவரியைச் சோதித்துப் பார்த்தபோது வேறு யாரோ அதைப் பயன்படுத்துவது தெரிந்துவிட்டது. பூலுக்குள் இருக்கும் முகவரியை யாரோ கையால் பிரின்டருக்கோ கேமராவுக்கோ போட்டுவைத்திருக்கிறார்கள். ஆர்ப் பட்டியலில் அந்த முகவரியின் மேக்கைப் பார்த்து, ஸ்விட்ச்சில் அது எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று தேடிப்போய்ப் பிடியுங்கள். சர்வரில் ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

நான்கு வரிகளும் சரி, ஆனாலும் இணையம் இல்லை. இந்த லாக் முகவரியை மட்டும்தான் சொல்லும். கேட்வே எது, டிஎன்எஸ் எது என்று கொடுத்ததை எழுதாது. கருவியில் போய் அவற்றைப் பாருங்கள். தவறு இருந்தால் கான்ஃபிக்கில் அந்தச் சப்நெட்டுக்கு எழுதிய ரவுட்டர் வரியைத் திருத்த வேண்டியிருக்கும்.

6. வரியின் முடிவில் ஒட்டியிருக்கும் காரணம்

"நோ ஃப்ரீ லீசஸ்": அந்தச் சப்நெட்டின் பூல் காலி. எந்த நெட்வொர்க் என்பதும் அதே வரியில் இருக்கும். உண்மையிலேயே தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. அந்தச் சப்நெட்டுக்கு ரேஞ்ச் வரியே எழுத மறந்திருந்தாலும், தெரிந்த கருவிகளுக்கு மட்டும் என்று பூலைக் கட்டுப்படுத்தியிருந்தாலும் இதே வரிதான் வரும்.

"அன்னோன் நெட்வொர்க் செக்மென்ட்": ரிலேயின் முகவரி உள்ள சப்நெட் உங்கள் கான்ஃபிக்கில் இல்லை. புதிய விலான் திறந்து ரவுட்டரில் ரிலே போட்டுவிட்டு, சர்வரில் சப்நெட் எழுத மறந்தால் இது வரும். "வியா"வுக்குப் பின்னுள்ள எண்ணைப் படித்தால் எந்த விலான் என்று தெரிந்துவிடும்.

"ராங் நெட்வொர்க்": கருவி கேட்கும் முகவரி அது இப்போது இருக்கும் சப்நெட்டுக்கு உரியதில்லை. நகர்ந்துவந்த லேப்டாப், அல்லது வேறொரு சர்வரிடம் வாங்கிய முகவரி.

"இக்னோர்ட், நாட் அத்தாரிட்டேடிவ்": தவறான முகவரியைக் கேட்கும் கருவிக்கு நேக் சொல்லும் உரிமையை நீங்கள் சர்வருக்குக் கொடுக்கவில்லை. அந்த நெட்வொர்க்கின் முறையான சர்வர் இதுதான் என்றால் கான்ஃபிக்கில் "அத்தாரிட்டேடிவ்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால், தவறான முகவரியைப் பிடித்துக்கொண்ட கருவி வெகுநேரம் பதிலின்றித் தவிக்கும்.

"அபாண்டனிங் ஐபி அட்ரஸ் … பிங்ட் பிஃபோர் ஆஃபர்": ஆஃபர் அனுப்பும் முன் சர்வர் அந்த முகவரிக்கு ஒரு பிங் போட்டு ஒரு வினாடி காத்திருக்கும். பதில் வந்தால் முகவரியை ஒதுக்கிவைத்துவிடும். டிக்ளைன் வந்தாலும் இதே கதி. இப்படி ஒதுக்கியது வழக்கமான அமைப்பில் ஒரு நாள் முடங்கிக் கிடக்கும். மற்றவை எல்லாம் தீர்ந்தால் அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும்.

கண்டு பயப்படத் தேவையில்லாத வரிகளும் உண்டு. "ரீயூஸ் லீஸ் … 25% த்ரெஷோல்ட்" என்பது, லீஸில் கால்பங்கு காலம்கூட ஆகாத நிலையில் கருவி மறுபடி கேட்டதால் பழையதையே திருப்பிக் கொடுத்தேன் என்கிறது. "ரோட் 212 லீசஸ் டு லீசஸ் ஃபைல்" வீட்டு வேலை. "டிஎச்சிபிஇன்ஃபார்ம்" என்பது ஏற்கெனவே முகவரி உள்ள கணினி வேறு விவரம் கேட்பது. ஆனால் "யூஐடி லீஸ் … இஸ் டூப்ளிகேட்" திரும்பத் திரும்ப வந்தால் குறித்துவையுங்கள். ஒரே கணினி நெட்வொர்க் பூட்டில் ஓர் அடையாளத்தோடும் இயங்குதளத்தில் இன்னோர் அடையாளத்தோடும் கேட்டு இரண்டு லீஸ் பிடித்திருக்கலாம். கணினி ஆய்வகங்களில் இது பூலை வேகமாகக் காலிசெய்யும்.

7. பூல் தீர்ந்தால் எந்த வரிசையில் வேலைசெய்வது

"நோ ஃப்ரீ லீசஸ்" பார்த்ததும் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை சப்நெட்டைப் பெரிதாக்குவது. அது கடைசியாகச் செய்ய வேண்டியது. சப்நெட் மாஸ்க்கை மாற்றினால் கேட்வே, ஃபயர்வால் விதி, கையால் முகவரி போட்ட ஒவ்வொரு கருவி என எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் புதுக் கோளாறு.

முதலில், யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அன்றைய அக் வரிகளிலிருந்து மேக் முகவரிகளை எடுத்து, திரும்ப வருபவற்றை நீக்கி எண்ணுங்கள். அறுபது பேர் உள்ள இடத்தில் இருநூறு மேக் வந்தால் விடை பெரும்பாலும் போன்களில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் வைஃபைக்குத் தொழிற்சாலை மேக்கைக் காட்டாமல் தாமே உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. வழக்கமாக ஒரு வைஃபை பெயருக்கு ஒரு மேக் என்று நிலையாக இருக்கும். வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் சேர்வது, சில அமைப்புகளில் மேக்கை இடையிடையே மாற்றுவது ஆகியவற்றால் ஒரே போன் பல லீஸ்களைப் பிடித்துவிடும்.

அத்தகைய மேக்கை அடையாளம் காண்பது எளிது. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்றாக இருக்கும். 52:54:00 என்று தொடங்குவதும் இந்த விதிக்குள் வரும். ஆனால் அது கியூஎம்யூ உருவாக்கும் மெய்நிகர் கணினிகளுக்குரியது. ஆகவே சர்வர் அறையில் அதைப் பார்த்து யாரோ போன் கொண்டுவந்தார்கள் என்று முடிவுகட்டாதீர்கள்.

இரண்டாவது, லீஸ் காலத்தைக் குறையுங்கள். வந்துபோகிறவர்களின் வைஃபைக்கு ஒரு நாள் லீஸ் தேவையில்லை. பூலில் 200 முகவரி, லீஸ் 24 மணி நேரம், நாளொன்றுக்கு 400 போன் வந்துபோகிறது என்றால் ஒரே நேரத்தில் எண்பது பேர்தான் இருந்தாலும் பூல் தீரும். லீஸை ஒரு மணி நேரமாக்கினால் அதே பூல் போதும். டிஃபால்ட், மேக்சிமம் இரண்டு மதிப்பையும் மாற்றுங்கள். கருவி நீண்ட காலம் கேட்டால் மேக்சிமம் வரை கிடைத்துவிடும். மாற்றியதும் பலன் தெரியாது. ஏற்கெனவே கொடுத்த லீஸ்கள் அவற்றின் பழைய காலம் முடியும்வரை அல்லது புதுப்பிக்கும்வரை இருக்கும்.

மூன்றாவது, ஒதுக்கிவைத்த முகவரிகள் எத்தனை என்று பாருங்கள். அவை நிறைய இருந்தால் பூலுக்குள் கையால் முகவரி போடும் பழக்கம் இருக்கிறது. நிலையான கருவிகளுக்குப் பூலுக்கு வெளியே ஒரு வரிசை ஒதுக்குங்கள். பூலுக்குள் இருக்கும் முகவரியையே ஒரு ஹோஸ்டுக்கு நிலையாக எழுதினால் "டைனமிக் அண்ட் ஸ்டேட்டிக் லீசஸ் பிரசன்ட்" என்று டிஎச்சிபிடியே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்தாதீர்கள்.

8. புதுப்பிக்கும் நேரங்களைப் பாருங்கள்

லீஸில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் எந்தச் சர்வராவது பதில் சொல்லட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும். எட்டு மணி நேர லீஸை காலை 9:00-க்கு வாங்கினால் முதல் முயற்சி மதியம் 1:00-க்கு, அடுத்த கட்டம் மாலை 4:00-க்கு, காலாவதி 5:00-க்கு.

ரிலேக்குப் பின்னால் உள்ள கருவியைப் பொறுத்தவரை இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் முயற்சி ரிலேயைத் தொடாமல் கருவியிலிருந்து நேராகச் சர்வரின் முகவரிக்கு வரும். ஆகவே லாக்கில் "வியா ஈத்0" என்று இருக்கும், ரிலே முகவரி இருக்காது. விலான் மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம்.

இதே நுணுக்கம் ஒரு மறைந்த கோளாறைக் காட்டிக்கொடுக்கும். ஒரு விலானின் கருவிகள் எல்லாம் பாதிக் காலத்தில் கேட்டதாக லாக்கில் வரி இல்லாமல், எட்டில் ஏழு பங்கில் மட்டும், அதுவும் ரிலே வழியாகவே புதுப்பித்தால், நடுவிலுள்ள ஃபயர்வால் ரிலேயை அனுமதித்து, கருவியிலிருந்து நேராக வருவதைத் தடுக்கிறது. யாரும் புகார் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் இரண்டாவது கட்டம் காப்பாற்றிவிடுகிறது. சர்வர் சற்று நேரம் நின்றுபோகும் நாளில்தான் பாதி லீஸ் காலத்துக்குப் பதில் எட்டில் ஒரு பங்குதான் தாங்கும் என்பது தெரியவரும். எட்டு மணி நேர லீஸில் அது ஒரே ஒரு மணி நேரம்.

9. வேறொரு சர்வர் நுழைந்திருந்தால்

யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளை மாட்டினால், அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். உங்கள் லாக்கில் தெரியும் தடயம் இதுதான்: டிஸ்கவர், ஆஃபர் வந்தபின் ரிக்வெஸ்ட் வரியில் அடைப்புக்குறிக்குள் உங்கள் சர்வர் இல்லாமல் 192.168.0.1 போன்ற வேற்று முகவரி.

டிஎச்சிபிடியை மறுதொடக்கம் செய்து பயனில்லை. பாதிக்கப்பட்ட கணினியில், அந்த வேற்று முகவரிக்கு ஆர்ப் பட்டியலில் உள்ள மேக்கைப் பாருங்கள். ஸ்விட்ச்சின் மேக் பட்டியலில் அது எந்தப் போர்ட்டில் தெரிகிறதோ அந்தப் போர்ட்டை மூடுங்கள். பின்பு பாதிக்கப்பட்ட கருவிகளை விலக்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லீஸ் முடியும்வரை தவறான முகவரியிலேயே இருக்கும். நிரந்தரத் தீர்வு ஸ்னூப்பிங். 5-ஆம் பகுதியில் சொன்ன அப்லிங்க் விஷயத்தை மறக்காமல் அதைப் போடுங்கள்.

10. மற்றச் சர்வர்களில் என்ன மாறும்

டிஎன்எஸ்மாஸ்க் ஏறக்குறைய இதே சொற்களை எழுதும். இன்டர்ஃபேஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் முன்னால் வரும். பூல் காலியானால் "நோ அட்ரஸ் அவைலபிள்" என்று வரும். "லாக்-டிஎச்சிபி" தேர்வைப் போட்டால் கொடுத்த கேட்வே, டிஎன்எஸ் முதலியவற்றையும் எழுதும்.

கியாவின் வழக்கமான நிலையில் நான்கு வரிகளையும் எதிர்பார்க்காதீர்கள். லீஸ் ஒதுக்கிய செய்தி வரும். ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்க்க வேண்டுமென்றால் லாக்கரை டீபக் நிலைக்கு மாற்ற வேண்டும். பாக்கெட் தொடர்பான வரிகளில் டிஐடி என்ற பரிமாற்ற எண் இருப்பதால் பேச்சைக் கோப்பது இன்னும் எளிது. வேலை முடிந்ததும் டீபக்கை நிறுத்துங்கள், டிஸ்க் நிரம்பிவிடும்.

விண்டோஸ் சர்வர், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பாக சிஸ்டம்32-க்குள் உள்ள டிஎச்சிபி கோப்புறையில் எழுதும். சொற்களைவிட முதலில் வரும் எண்தான் முக்கியம்: 10 புதிய லீஸ், 11 புதுப்பித்தல், 12 விடுவித்தல், 13 முகவரி ஏற்கெனவே பயனில் உள்ளது, 14 பூல் காலி, 15 மறுப்பு, 17 காலாவதி. 30, 31, 32 மூன்றும் டிஎன்எஸ் பதிவு தொடர்பானவை, 31 தோல்வி. இந்தத் திங்கட்கிழமைக் கோப்பு அடுத்த திங்கட்கிழமை அழிந்து புதிதாக எழுதப்படும். ஆகவே புகார் வந்த அன்றே நகலெடுங்கள்.

11. லீஸ் கோப்பையும் சேர்த்துப் படியுங்கள்

லாக் நடந்ததைச் சொல்லும்; இப்போதைய நிலையை லீசஸ் கோப்பு சொல்லும். அதில் ஒரே முகவரி பலமுறை வரும், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றமும் கோப்பின் முடிவில் சேர்க்கப்படுகிறது. ஒரு முகவரிக்குக் கடைசியாக உள்ள பதிவுதான் செல்லும். மேலிருந்து தேடி முதலில் கிடைத்ததை நம்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

நேரமும் வழுக்கும் இடம். சிஸ்லாக் உள்ளூர் நேரத்தில் இருக்கும். லீசஸ் கோப்பு வழக்கமாக யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். "ஸ்டார்ட்ஸ் 2 2024/05/14 04:10:00" என்றால் இந்திய நேரப்படி 9:40. தேதிக்கு முன்னுள்ள 2 என்பது கிழமை. ஞாயிறு 0 என்று எண்ணினால் செவ்வாய்.

சேவை ஓடும்போது அந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். சர்வர் தன் நினைவில் உள்ளதைக் கொண்டு அதை மறுபடி எழுதிவிடும். உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

12. திருத்திய பின்

கான்ஃபிக்கை மாற்றினால், மறுதொடக்கத்துக்கு முன் டிஎச்சிபிடியைச் சோதனைத் தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். சேவையை நிறுத்தியபின் பிழை தெரிந்தால், அதைத் திருத்தும்வரை எவருக்கும் முகவரி கிடைக்காது. மறுதொடக்கம் ஆனதும் முதல் சில வரிகளை முழுதாகப் படியுங்கள்: எந்த இன்டர்ஃபேஸ்களைக் கவனிக்கிறது, எதைப் புறக்கணிக்கிறது என்று அங்கேதான் சொல்லும். பிறகு கோளாறு இருந்த அதே கருவியை, அதே போர்ட்டில், அதே விலானில் சேர்த்து நான்கு வரிகளும் வருகின்றனவா என்று பாருங்கள். உங்கள் மேசைக் கணினியில் வந்தது என்பதால் அங்கேயும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லாக்கை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அன்றே பாருங்கள். பல லினக்ஸ்களில் லாக்ரொட்டேட் சில வாரங்களில் பழையதை அழித்துவிடும். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் அந்த முகவரி எந்தக் கருவியிடம் இருந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியது இந்த அக் வரிகள்தான். ரொட்டேட் அமைப்பில் நாள் கணக்கைக் கூட்டி, வேறொரு இயந்திரத்துக்கும் நகல் போகும்படி சிஸ்லாக்கைத் திருப்பிவிடுங்கள்.